வீட்டில் கோல்ட் பிராசஸ் சோப்பு: அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாகக் குளியல் சோப்பு கடையில் வாங்குவதில்லை. செய்முறையைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களும் சொந்தக்காரர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். செய்து பார்க்க நினைப்பவர்கள் காஸ்டிக் சோடா, எடை பற்றிய பதில்களை மட்டுமாவது முழுதாகப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கோல்ட் பிராசஸ் என்றால் என்ன?

எண்ணெயோடு காஸ்டிக் சோடா போன்ற ஒரு காரம் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் உண்டாகும். அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல், அந்த வினையில் தானாக எழும் சூட்டை மட்டும் வைத்தே சோப்பை உருவாக விடுவதுதான் கோல்ட் பிராசஸ். கலக்கும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அச்சில் ஒரு நாள், அப்புறம் காற்றாட நாலு வாரம். கிளிசரின் முழுவதும் சோப்புக்குள்ளேயே தங்கிவிடுவதால் குளித்து முடித்ததும் தோல் வறவறவென்று இழுக்காது.

ஏற்கெனவே சோப்பாக்கி விற்கும் சோப் பேஸ் கட்டியை வாங்கி உருக்கி, நிறமும் வாசனையும் சேர்த்து ஊற்றுவது வேறு முறை. அது சுலபம், அழகாகவும் வரும். ஆனால் அந்தக் கட்டியில் என்ன எண்ணெய் இருக்கிறது என்பதை நாம் முடிவு செய்ய முடியாது.

காஸ்டிக் சோடா இல்லாமல் செய்யவே முடியாதா அக்கா? பயமாக இருக்கிறது.

முடியாது. காரம் இல்லாமல் சோப்பு கிடையாது. ‘காஸ்டிக் சோடா சேர்க்காத சோப்பு’ என்று விற்கும் கட்டிகளிலும், அந்தப் பேஸைத் தயாரித்த இடத்தில் யாரோ காரம் சேர்த்துத்தான் இருக்கிறார்கள். இல்லையென்றால் அது சோப்பே இல்லாமல் வேறு வகைக் கழுவும் பொருளாக இருக்கும்.

காரத்தால் அழுக்கெடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. வண்ணார்கள் உவர்மண்ணில் துணியை முக்கி, வெள்ளாவி வைத்து வெளுத்ததும் காரத்தை வைத்துத்தான். காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அதைவிடப் பல மடங்கு வீரியமானது. சரியான எடையில் எண்ணெயோடு சேர்ந்துவிட்டால் அது முழுவதும் சோப்பாக மாறிவிடும். குளிக்கும்போது நம் கையில் இருக்கும் கட்டியில் காஸ்டிக் சோடா இருக்காது. பயப்பட வேண்டியது செய்யும் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். அப்போது பயம் இருப்பது நல்லதும்கூட.

ஆப்ப சோடாவோ சலவை சோடாவோ போட்டால் ஆகாதா?

ஆகாது. மூன்று பெயரிலும் சோடா இருப்பதால் வரும் குழப்பம் இது. ஆப்ப சோடாவுக்கு எண்ணெயைச் சோப்பாக்கும் பலம் இல்லை. சலவை சோடாவிலும் இந்த முறை வேலை செய்யாது. சாக்கடை அடைப்பு எடுக்கும் பொடியையும் வாங்காதீர்கள். சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருக்கும், நீர் பட்டதும் பொங்கி ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ரசாயனக் கடையில் செதில் அல்லது குருணை வடிவில் சுத்தமான காஸ்டிக் சோடா என்று கேட்டு வாங்குங்கள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள் இது. இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கசிந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போன பழைய சரக்கை நம்பி எடை போடாதீர்கள்.

சரி, காஸ்டிக் சோடாவை எப்படிக் கையாள வேண்டும்?

முதலில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு, நாய் பூனையை வெளியே விட்டுவிட்டு, காலிங் பெல் அடித்தாலும் போன் வந்தாலும் எழுந்து போகத் தேவையில்லாத நேரத்தில் உட்காருங்கள். மணிக்கட்டு வரை மூடும் முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குச் செருப்பு எல்லாம் வேண்டும். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவர்களும் அதன் மேல் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

தண்ணீரை முதலில் பாத்திரத்தில் எடுங்கள். அதில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள். ஒருபோதும் காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்து முகத்துக்கு நேரே பீறிடும். போட்ட சில நொடியில் தண்ணீர் கலங்கும். பாத்திரத்தின் பக்கம் கை வைத்தால் சுடும். அடுப்பே இல்லாமல் 80, 90 டிகிரி வரை போய்விடும். மேலே எழும் ஆவி தொண்டையைக் கமறச் செய்யும் என்பதால் ஜன்னலோரத்திலோ வாசல் திண்ணையிலோ வைத்துக் கலக்குங்கள். குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் தெளிந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அந்த நிலையில் பார்ப்பதற்குக் குடிதண்ணீர் போலவே இருப்பதுதான் பெரிய ஆபத்து. அதனால் டம்ளர், சொம்பு, தண்ணீர் பாட்டில் எதிலும் கலக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு வாளி டப்பா இருக்கிறது. சிவப்பு பெயின்ட்டில் ‘விஷம்’ என்று எழுதியிருக்கிறேன். அதில் வேறு எதையும் ஊற்றுவதில்லை.

தோலில் பட்டால் பட்ட துணியைக் கழற்றிவிட்டு உடனே குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 15, 20 நிமிடம் காட்டுங்கள். வினிகர், எலுமிச்சைச் சாறு எதையும் தோலில் ஊற்றாதீர்கள். கண்ணில் பட்டால் தண்ணீரில் விடாமல் கழுவியபடியே மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயைக் கொப்பளிக்க வைத்துவிட்டு, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

எந்தப் பாத்திரம்?

எவர்சில்வர் நல்லது. கெட்டியான பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கும் சரி, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும். அலுமினியம் கூடவே கூடாது. காரம் பட்டதும் நுரைத்துக் கரைந்து, பாத்திரம் ஓட்டையாகி, எரியக்கூடிய வாயுவும் வரும். பித்தளை, செம்பு, இரும்பும் வேண்டாம். கண்ணாடிப் பாத்திரம் நாள்பட அரித்து, ஒரு நாள் சூட்டில் விரிசல் விட்டுவிடும். சோப்புக்கு எடுத்த பாத்திரம் சமையலுக்குத் திரும்ப வரக் கூடாது.

டம்ளரில் அளந்து செய்யலாமா? லிட்டர் கணக்கில் போடலாமா?

கூடாது. எல்லாவற்றையும் கிராமில் எடை போட வேண்டும், தண்ணீரையும்கூட. ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு போதும். இதைத்தான் நான் ஒவ்வொருவரிடமும் முதலில் சொல்கிறேன். ஏனென்றால் நானே இதில்தான் முதலில் தவறினேன்.

நம் ஊரில் எண்ணெய் லிட்டரில் வருகிறது. அரை லிட்டர் என்றால் 500 கிராம் என்று மனம் தானாக நினைத்துக்கொள்ளும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. 500 மில்லி எண்ணெய் சுமார் 460 கிராம்தான் இருக்கும். கீழே நான் தரும் அளவில் எண்ணெயில் எட்டு சதவீதம் சோப்பாகாமல் மிஞ்சும்படி காரத்தைக் குறைத்திருக்கிறேன். அந்த எட்டு சதவீதம்தான் நம் பாதுகாப்பு. மில்லியைக் கிராம் என்று எடுத்தால் அது அப்படியே காணாமல் போய்விடும். அதற்கு மேல் தராசு ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே காட்டினால் காரம் மிஞ்சிய சோப்புதான் கிடைக்கும். என் முதல் சோப்பு அப்படித்தான் ஆனது. பார்க்க வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது. கை கழுவியபோது விரல் இடுக்கெல்லாம் எரிந்தது. குழந்தைக்குப் போடவில்லை என்ற நிம்மதி மட்டும்தான் அன்று மிச்சம்.

முதல் முறைக்கு ஒரு அளவு சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெய் 300 கிராம், கடலை எண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். காஸ்டிக் சோடா 75 கிராம், தண்ணீர் 150 கிராம். சுமார் நூறு கிராமில் ஏழு கட்டி வரும்.

இந்த 75 எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அப்புறம் யாருடைய அளவையும் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு எண்ணெயும் சோப்பாக மாறக் குறிப்பிட்ட அளவு காரம் கேட்கும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், கடலை எண்ணெய்க்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கினால் 54.9, 20.4, 6.4. கூட்டினால் 81.7. இது எண்ணெய் முழுவதையும் சோப்பாக்கும் அளவு. இதில் எட்டு சதவீதம் கழித்தால் 75 வரும். கழித்ததனால் மிஞ்சும் எண்ணெயைச் சூப்பர்ஃபேட் என்கிறார்கள். தோலுக்கு மென்மை தருவது அதுதான். ஐந்திலிருந்து எட்டு சதவீதம் வரை வைக்கலாம். தண்ணீர், காரத்தைப் போல் இரண்டு மடங்கு.

நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டுக்கும் 0.134, ஆலிவ் எண்ணெய்க்கு 0.135, வேப்பெண்ணெய்க்கு 0.138, பாமாயிலுக்கு 0.142 என்று வைத்துக்கொள்ளலாம். கடலை எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் என்று மாற்றினாலும் கணக்கை மறுபடி போடுங்கள். இணையத்தில் சோப்பு கால்குலேட்டர்கள் இருக்கின்றன, கையால் போட்ட கணக்கை அதில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இத்தனை எண்ணெய்? ஒரே எண்ணெயில் ஆகாதா?

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. தேங்காய் எண்ணெய் கட்டியைக் கெட்டியாக்கி, நுரையைப் பொங்க வைக்கும். ஆனால் அது மட்டும் அதிகமானால் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையையும் சேர்த்து வழித்துவிடும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் அந்தக் கடுமையைத் தணிக்கும். விளக்கெண்ணெய் நுரையைச் சீக்கிரம் அடங்காமல் பிடித்து வைக்கும். பத்து சதவீதத்துக்கு மேல் போட்டால் கட்டி பிசுபிசுக்கும்.

தேங்காய் எண்ணெய் மட்டும்தான் இருக்கிறதா? 500 கிராமுக்கு 73 கிராம் காஸ்டிக் சோடா, 150 கிராம் தண்ணீர் போடுங்கள். இதில் இருபது சதவீதம் எண்ணெய் மிஞ்சும், அதனால் வறட்சி தெரியாது. இந்தச் சோப்பு மிக வேகமாக இறுகும். மறுநாள் வெட்டலாம் என்று விட்டால் கத்தி பட்டதும் உடைந்து நொறுங்கும். ஆறு மணி நேரத்திலிருந்தே தொட்டுப் பாருங்கள்.

செக்கு எண்ணெய் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். எங்கள் தோப்புத் தேங்காயை ஆட்டி வரும் எண்ணெயை நான் தலைக்கும் சமையலுக்கும்தான் வைக்கிறேன். காரத்தில் விழுந்த பிறகு அந்த மணம் பெரும்பாலும் நிற்பதில்லை. சோப்புக்கு நல்ல பாக்கெட் எண்ணெயே போதும். சிக்கு வாடை அடிக்கும் பழைய எண்ணெய் மட்டும் வேண்டாம். பஜ்ஜி சுட்ட எண்ணெயை வடிகட்டிப் பாத்திரம் துலக்கும் சோப்பு செய்யலாம், குளிக்க வேண்டாம்.

கலக்கும்போது எப்போது நிறுத்துவது?

எண்ணெய்களைக் கலந்து தயாராக வையுங்கள். கோவை, மதுரை, சென்னை வெயிலில் தேங்காய் எண்ணெய் தானாகவே உருகித்தான் இருக்கும். ஊட்டி, கொடைக்கானலிலோ மார்கழிக் காலையிலோ உறைந்திருந்தால் லேசாக உருக்கிக்கொள்ளுங்கள். காரநீர் பாத்திரத்தை வெளிப்புறம் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்கு ஆறட்டும், 35 முதல் 40 டிகிரி. அதை எண்ணெயில் மெல்ல ஊற்றுங்கள். ஊற்றியதும் கலங்கி மோர் நிறத்துக்கு வரும்.

ஹேண்ட் பிளெண்டரைச் சாய்த்து உள்ளே விட்டு, காற்றை வெளியேற்றிவிட்டு, சில நொடி ஓட்டி, நிறுத்தி, அதையே கரண்டி போல் வைத்துக் கிளறி, மறுபடி ஓட்டுங்கள். மோர் பாலாகி, பால் பாயசமாகி, அப்புறம் தோசை மாவுப் பதத்துக்கு வரும். பிளெண்டரைத் தூக்கி அதிலிருந்து வடிவதை மேற்பரப்பில் இழைபோல் விடுங்கள். விட்ட கோடு உடனே மூழ்காமல் அரிசிமாக் கோல இழைபோல் மேலே நின்றால் அதுதான் பதம். இதை ட்ரேஸ் என்பார்கள். மேலே எண்ணெய்க் கோடுகள் மினுக்கினால் இன்னும் ஆகவில்லை. பதம் வந்ததும் வாசனையும் பொடியும் சேர்த்து அச்சில் ஊற்றுங்கள். இட்லி மாவு மாதிரி கெட்டியாகிவிட்டால் அச்சில் சமமாக விழாது, உள்ளே காற்றுப் பொந்து நிற்கும்.

மத்தாலும் கடையலாம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், கை விட்டுப் போகும். மர மத்து காரத்தில் நாளடைவில் நார் நாராகப் பிரியும் என்பதால் சிலிக்கான் கரண்டி மேல்.

அச்சுக்கு என்ன பயன்படுத்தலாம்?

சிலிக்கான் அச்சு, பட்டர் பேப்பர் விரித்த மரப்பெட்டி, கழுவிய ஜூஸ் அட்டைப்பெட்டி, பிவிசி குழாய்த் துண்டு எல்லாம் சரி. பிரியாணி வாங்கி வரும் வெள்ளித்தாள் தட்டு அலுமினியம், அது வேண்டாம்.

நாலு வாரம் காத்திருக்கத்தான் வேண்டுமா?

ஒன்றிரண்டு நாளில் காரம் பெரும்பாலும் வேலையை முடித்துவிடும். ஆனால் கட்டிக்குள் தண்ணீர் இருக்கிறது. அது வெளியேற வேண்டும். அவசரப்பட்டுப் பத்தாம் நாள் எடுத்தால் ஒரே வாரத்தில் குழைந்து கரைந்துவிடும், நுரையும் ஏனோதானோ என்று வரும். மூங்கில் தட்டிலோ வலைக்கூடையிலோ ஒன்றோடொன்று ஒட்டாமல், வெயில் படாமல், காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். வாரம் ஒரு முறை புரட்டுங்கள். வெட்டிய அன்றே ஒரு கட்டியை எடை போட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். வாரா வாரம் எடை குறையும். குறைவது ஏறக்குறைய நின்றதும் எடுத்துக்கொள்ளலாம். ஆலிவ் எண்ணெய் மட்டும் போட்ட சோப்புக்கு ஆறு மாதம்கூட வேண்டியிருக்கும்.

காரம் மிஞ்சவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாலு வாரம் கழித்துக் கட்டியைக் கழுவி, ஈர விரலை அதில் தேய்த்து நாக்கு நுனியில் வையுங்கள். சோப்புச் சுவை மட்டும் தெரிந்தால் சரி. சின்ன வயதில் சதுர பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்த மாதிரி சுரீர் என்றால் காரம் இருக்கிறது. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாள் வைத்தும் பார்க்கலாம். நல்ல சோப்பு ஒன்பதிலிருந்து பத்து வரை காட்டும். தோலின் பிஎச் என்று சொல்லும் 5.5-ஐ உண்மையான சோப்பு எதுவும் காட்டாது. அதற்காக எலுமிச்சை பிழிந்து குறைக்கப் பார்த்தால் சோப்பு சோப்பாக இருக்காது, உடைந்து எண்ணெயாகக் கசியும்.

கஸ்தூரி மஞ்சள் போட்டேன், ரத்தச் சிவப்பாகிவிட்டது! கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. ஆரத்தி கரைக்கும்போது என்ன நடக்கிறது? மஞ்சள் நீரில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவக்கிறது. மஞ்சளிலிருந்து குங்குமம் வருவதும் இப்படித்தான். சுண்ணாம்பைப் போலக் காஸ்டிக் சோடாவும் காரம் என்பதால் அதே வேலை நடக்கிறது. காரம் எண்ணெயோடு சேர்ந்து தீரத் தீரச் சிவப்பு இறங்கி, காய்ந்து முடியும்போது ஆரஞ்சு கலந்த மஞ்சளாக நிற்கும். ஒரு கட்டியை நறுக்கிப் பாருங்கள், நடுவில் ஒரு நிறமும் ஓரத்தில் ஒரு நிறமும் இருக்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி போதும். வெளிச்சம் பட்டால் வெளுக்கும், இருட்டில் வையுங்கள்.

செம்பருத்தி, சங்குப்பூ, வேப்பிலை, குப்பைமேனி, ஆட்டுப்பால்?

பூக்களின் நிறம் காரத்தில் நிற்காது. செம்பருத்திச் சிவப்பு பழுப்பாகும், சங்குப்பூ நீலம் பச்சையாகிப் பின் மங்கும், பீட்ரூட்டும் பழுப்புதான். ரோஜா இதழை மேலே தூவினால் ஒரு வாரத்தில் எலிப்புழுக்கை மாதிரி கறுத்துவிடும். நீலம் வேண்டுமென்றால் அவுரிப் பொடி, கறுப்புக்குக் கரிப்பொடி, செங்கல் நிறத்துக்குச் சலித்த காவி மண். இவை நிற்கும்.

வேப்பிலை, குப்பைமேனி போன்றவற்றைப் பச்சையாக அரைத்துப் போடாதீர்கள். ஈரமான இலை கட்டிக்குள் அழுகிப் புள்ளி விழும். நிழலில் காயவைத்துப் பொடித்து, வெள்ளைத் துணியில் சலித்து, ஒரு தேக்கரண்டி அளவில் சேர்க்கலாம். பச்சை நிறம் சில வாரத்தில் காக்கியாகிவிடும், அது இயல்பு. பாசிப்பயறு மாவு தேய்த்துக் குளிக்க இதமாக இருக்கும், இதுவும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

ஆட்டுப்பாலில் சூடான காரம் பட்டால் பால் கருகி ஆரஞ்சாகி நாற்றமடிக்கும். பாலை ஐஸ் கட்டியாக உறைய வைத்து, பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கி, காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரையுங்கள். பாலும் தேனும் உள்ளே சூட்டைக் கூட்டும். அதனால் அச்சைப் போர்வை போட்டு மூடாதீர்கள். ஐந்தாறு முறை சாதாரணச் சோப்பு சரியாக வந்த பிறகு பாலுக்குப் போங்கள்.

வாசனைக்கு?

500 கிராம் எண்ணெய்க்கு 10 முதல் 15 கிராம் வரை தைல எண்ணெய். எலுமிச்சைப்புல் தைலம் நன்றாக நிற்கும். வெட்டிவேர்த் தைலம் விலை அதிகம், ஆனால் மாதக்கணக்கில் இருக்கும். நீலகிரித் தைலம் ஆரம்பத்தில் தூக்கலாக இருந்து பிறகு தணியும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்கள் காயும்போதே பறந்துவிடும். கிராம்புத் தைலம் கலவையை நொடியில் இறுக்கிவிடும், தோலையும் எரிக்கும். நான் அதைத் தொடுவதில்லை. மலிவாகக் கிடைக்கும் மல்லிகை வாசனை பெரும்பாலும் செயற்கை. தோலில் போடலாம் என்று குறிப்பிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். ஊதுபத்திக்கும் விளக்குக்கும் விற்கும் வாசனை எண்ணெய் வேண்டாம்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர். நுரையே வரவில்லை, வாளியில் வெள்ளையாகப் படிகிறது.

உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, திரிந்த பால் மாதிரி திப்பிதிப்பியாகப் படியும். உங்கள் சோப்பின் குற்றம் அல்ல, உண்மையான சோப்பு எல்லாம் இப்படித்தான். இரண்டு வழி இருக்கிறது. தேங்காய் எண்ணெயைக் கூட்டுங்கள், அது எந்தத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். அல்லது 500 கிராம் எண்ணெய்க்கு 5 கிராம் சிட்ரிக் ஆசிட்டை, மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் தருவார்கள், முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டு அப்புறம் காஸ்டிக் சோடாவைப் போடுங்கள். அந்த 5 கிராம் சுமார் 3 கிராம் காரத்தைத் தின்றுவிடும். அதனால் 75-க்குப் பதில் 78 கிராம் போட வேண்டும்.

காரம் கரைக்கவும் போர் தண்ணீர் வேண்டாம். ஆர்ஓ தண்ணீர் போதும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் சரிதான், ஆனால் பேட்டரி ஆசிட்டும் அதே கடையில், அதே மாதிரி கேனில் இருக்கும். பெயரை வாசித்து வாங்குங்கள்.

ஐப்பசி மழையில் சோப்பு வியர்க்கிறதே?

கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. துடைத்துவிட்டு, மின்விசிறி ஓடும் அறையில் வையுங்கள். காயாத சோப்பைப் பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள். மேலே வெள்ளையாகப் படர்ந்திருந்தால் அது காரத்தோடு காற்று சேர்ந்து வந்த சோடாத் தூள், ஆவியில் காட்டினால் போய்விடும். ஆரஞ்சுப் புள்ளியும் சிக்கு வாடையும் வந்தால் மிஞ்சிய எண்ணெய் கெடுகிறது என்று பொருள். சூரியகாந்தி எண்ணெய் அதிகம் போட்ட சோப்பில் இது சீக்கிரம் வரும். புள்ளி விழுந்ததை ஒதுக்கிப் பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சில் எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கிறது. கொட்டிவிடவா?

கொட்ட வேண்டாம். கையுறை போட்டு எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்தில் மாற்றி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறுங்கள். களி மாதிரி திரண்டு, பளபளவென்று ஆனதும் அச்சில் அமுக்குங்கள். அழகு இருக்காது, குளிக்கலாம். எடையே தவறாகப் போட்டிருந்தால் இது உதவாது. என்ன எடை போட்டீர்கள் என்பது எழுதி வைத்திருந்தால், குறைந்த எண்ணெயைக் கணக்கிட்டு உருக்கும்போது சேர்க்கலாம். எழுதாவிட்டால் ஊகத்தில் சரிசெய்யாதீர்கள்.

வீட்டுச் சோப்பில் டிஎஃப்எம் எவ்வளவு?

டிஎஃப்எம் என்பது கட்டியில் உள்ள மொத்தக் கொழுப்பு அமிலத்தின் பங்கு. இந்தியத் தரநிலைப்படி குளியல் சோப்பில் முதல் தரத்துக்கு 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 சதவீதம் இருக்க வேண்டும். பாத்திங் பார் என்று எழுதியிருந்தால் அது வேறு வகை, 40 இருந்தாலே போதும். மேலே சொன்ன அளவில் செய்து நன்றாகக் காய்ந்த கட்டியில் கணக்குப்படி எழுபதைத் தாண்டும். கிளிசரினை எடுக்காமல் விட்டிருப்பதால் இன்னும் மேலே போகாது. எழுபத்தாறு இல்லையே என்று கவலைப்பட இதில் ஒன்றும் இல்லை.

இந்தச் சோப்பு தோல் நோயைக் குணப்படுத்துமா? குழந்தைக்குப் போடலாமா?

சோப்பு அழுக்கை எடுக்கும். மென்மையாகச் செய்தால் தோலை வருத்தாமல் எடுக்கும். படை, சொரி, கரப்பான் எதையும் குப்பைமேனிப் பொடி போட்ட சோப்பு தீர்க்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்கிறவர்களை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். கைக்குழந்தைக்கு நான் போட்டதில்லை. பெரிய குழந்தைகளுக்கு வாசனையும் நிறமும் சேர்க்காத, இரண்டு மாதம் காய்ந்த கட்டி.

செய்து விற்கலாமா?

வீட்டுக்குச் செய்வதும் விற்பதும் வேறு வேறு. இந்தியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள். 1940-ஆம் வருட மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், 2020-ஆம் வருட அழகுசாதனப் பொருட்கள் விதிகளும் இதற்குப் பொருந்தும். தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். உறையில் சேர்மானங்கள், எடை, தயாரித்த தேதி, முகவரி எல்லாம் வர வேண்டும். நோய் தீரும் என்று எழுதினால் அது மருந்து என்ற கணக்கில் போய்விடும். முதலில் ஒரு வருடம் வீட்டுக்கும் தெரிந்தவர்களுக்கும் செய்யுங்கள். கோடையில் ஒரு தடவை, அடைமழையில் ஒரு தடவை உங்கள் சோப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்காமல் காசு வாங்காதீர்கள்.

குளியலறையில் வைத்தால் பத்தே நாளில் கரைந்துவிடுகிறது.

தண்ணீர் தேங்கும் டப்பாவில் வைத்தால் எந்த வீட்டுச் சோப்பும் கூழாகிவிடும். உள்ளேயிருக்கும் கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாதித் தேங்காய்ச் சிரட்டையை எடுத்து, நார் போகத் தேய்த்து, மூன்று கண்களையும் ஆணியால் குத்தித் திறந்துவிடுங்கள். கண் இல்லாத பாதி என்றால் அடியில் நாலு ஓட்டை போடுங்கள். அதை ஒரு வளையத்தில் உட்கார வைத்து, ஷவர் படாத மூலையில் வையுங்கள். கட்டியை முழுதாகப் போடாமல் பாதியாக வெட்டிப் போடுங்கள். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு ஒரு கட்டி மூன்று வாரம் வருகிறது.